முன்னால் நின்ற பலகை

கிழட்டு டீசல் ஜீப் ஒன்று மேடு ஏறும்போதெல்லாம் கொதித்தது. காரணம் ரேடியேட்டருக்குத் தெரியும். அதன் முகத்துக்கு நேரே 'சங்கத் தலைவர்' என்று எழுதிய பெரிய பலகை, வருகிற காற்றையெல்லாம் மறித்துக்கொண்டு நின்றது.

அந்தப் பலகையே விசாரணையையும் நடத்தியது. "யாரால இந்தச் சூடு?"

"ஃபேன் பெல்ட் தொளதொளன்னு ஆயிடுச்சுங்க" என்றது தண்ணீர் பம்ப். மெக்கானிக் பெல்ட்டை மாற்றினார். வண்டி கொதித்தது.

"பம்ப்புக்கு வயசாயிடுச்சுங்க" என்றது புது பெல்ட். பம்ப்பையும் மாற்றினார். அப்போதும் கொதித்தது.

"நீ என்னப்பா சொல்றே?" என்று பலகை திரும்பாமலே கேட்டது.

ரேடியேட்டர் அதன் முதுகைப் பார்த்தது. "காத்து கொஞ்சம்..." என்று ஆரம்பித்து, "காத்தே இந்த வருஷம் சூடாத்தான் வருதுங்க" என்று முடித்துக்கொண்டது.

மறுநாள் மலைப்பாதையில் இன்ஜின் ஒரேயடியாக நின்றுபோனது. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பலகையை மட்டும் பத்திரமாகக் கழற்றி, துடைத்து, புது ஜீப்பின் முகத்தில் மாட்டினார்கள்.

"பழைய வண்டி எதனாலங்க போச்சு?" என்று புது ரேடியேட்டர் பணிவாகக் கேட்டது.

"கூட இருந்தவங்க சரியில்லப்பா" என்றது பலகை.

பக்கத்தில் இரும்புக் குவியலில் கிடந்த பழைய ரேடியேட்டருக்கும் அது கேட்டது. அதன் முகத்தில் இப்போது நல்ல காற்று அடித்துக்கொண்டிருந்தது.