முதலாம் திகதி

கடைத் தட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பொதியின் மேல் இரண்டு கைகள் ஒன்றாக விழுந்தன. இளங்கீரன் நிமிர்ந்து பார்த்தான். மற்றக் கை அவனுடைய அக்கா சயந்தினியுடையது.

வயதானவர்களுக்குக் கட்டிவிடும் பம்பர்ஸ் பொதி அது, அம்மா பாவிப்பது. இருவரும் ஒரே நேரத்தில் கையை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் பேசி இரண்டு வருடமாகிறது. அப்பாவின் செத்தவீட்டில் விழுந்த ஏதோ ஒரு சொல். அது என்ன சொல் என்பதுகூட இப்போது அவனுக்குச் சரியாக நினைவில்லை. பேசாமல் இருப்பது மட்டும் பழகிவிட்டது.

மெரிலேண்ட்ஸ் சூப்பர்மார்க்கெட்டில் காலை பத்தரைக்கே பாண் இல்லை, பால் இல்லை, தண்ணீர்ப் போத்தல் இல்லை. மலைப்பக்கம் பனி கொட்டத் தொடங்கிவிட்டதாம். இந்தப் பக்கம் இரண்டு நாளைக்குக் காற்றும் மழையும், கரண்டும் போகலாம் என்று ரேடியோ திரும்பத் திரும்பச் சொன்னது. ட்ரொலி நிறைய டொய்லட் பேப்பர் அடுக்கிக்கொண்டு போன ஒருவரிடம், புயல் இரண்டு நாளைக்குத்தானாம், உம்முடைய பேப்பர் இரண்டு வருடத்துக்குக் காணும் என்றார் ஓர் அன்ரி. அந்த மனிதர் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை.

இளங்கீரன் கையில் பட்டதையெல்லாம் எடுத்திருந்தான். பருப்பு, டின்மீன், மெழுகுதிரி. எதற்கென்று யோசிக்கவில்லை. எல்லோரும் எடுத்தார்கள், அவனும் எடுத்தான்.

அம்மாவைப் பற்றி மட்டும் அவனுக்குக் கவலை இல்லை. அவன் இருப்பது ஏழாம் மாடியில். கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், ஹீட்டரும் நிற்கும். கிரவீனில் இருக்கிற அக்காவின் வீட்டில் காஸ் ஹீட்டர் இருக்கிறது. போன மாரியில் அம்மா சளிக்காய்ச்சலோடு பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எண்பத்திரண்டு வயது, இன்னொரு முறை குளிர் பட்டால் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

அம்மா ஒரு மாதம் அவனோடு, ஒரு மாதம் அக்காவோடு. முதலாம் திகதி காலையில் அவன் அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தி இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பான். அம்மா பையோடு இறங்கிப் பக்கத்துக் கேற்றால் பின்வாசலுக்குப் போவார். அக்கா வந்து கதவைத் திறக்குமுன் அவன் போய்விடுவான். அம்மாவுக்குக் காது மந்தம், போன் வைத்திருப்பதில்லை. ஹோர்ன் போதுமாயிருந்தது.

இன்றைக்கும் எட்டு மணிக்கு அப்படித்தான் இறக்கிவிட்டான். காரில் ஏறும்போது அம்மா கொஞ்சம் அடம்பிடித்தார், கிழமை சரியில்லை என்று ஏதோ முணுமுணுத்தார். புயலுக்கு முன் போய்ச் சேரவேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அவன் காதில் ஏறவில்லை.

அக்காவின் ட்ரொலியைப் பார்த்தான். கோழி, சிப்ஸ், நூடில்ஸ். அம்மா சாப்பிடக்கூடியதாக ஒன்றும் இல்லை. அவன் பொதியை எடுத்து அவளுடைய ட்ரொலிக்குள் வைத்தான்.

"நீ கொண்டு போ அக்கா."

இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் சொற்கள். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பொதியைத் தூக்கி அவனுடைய ட்ரொலிக்குள் போட்டாள்.

"உனக்குத்தான் வேணும்."

வீட்டில் ஏற்கனவே வாங்கி வைத்திருப்பாள் என்று நினைத்தான். என்றாலும் பொதியைத் திருப்பித் தந்தது என்னவோ செய்தது. மறுக்கவில்லை.

இருவரும் ஒன்றாகவே காசாளர் வரிசைக்கு வந்தார்கள். வரிசை நகரவில்லை. கூரையில் மழை இரைந்தது, தானியங்கிக் கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று உள்ளே வந்து கால்களைத் தொட்டது.

அக்காதான் முதலில் வாய் திறந்தாள். அவன் மெலிந்து போனான் என்றாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது என்றான். அதற்கு வரிசையில் நிற்கிற அலுப்புத்தான் காரணம் என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

அப்போது அத்தான் டோர்ச் பற்றரிகளோடு வந்து சேர்ந்தார். பின்னால் மகள் ஹரிப்பிரியா போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள், புயலென்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லையாம். அவ்வளவுதான், அந்த வீட்டில் வேறு ஆட்கள் இல்லை.

இளங்கீரன் ட்ரொலியின் பிடியைப் பிடித்தபடி நின்றான்.

"எல்லாரும் வந்திட்டியளோ?"

"ஓம். ஏழு மணிக்கே வெளிக்கிட்டனாங்கள், இது மூண்டாவது கடை," என்றாள் அக்கா.

வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவன் நகரவில்லை. அவள் அவனுடைய முகத்தைப் பார்க்காமலே, ட்ரொலியின் விளிம்பில் சரிந்து கிடந்த பொதியை உள்ளே தள்ளி வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமையில அம்மா வீடு மாறமாட்டா எண்டு தெரியும், நாளைக்குக் கொண்டு வா. அதுவரைக்கும் இந்தக் குளிருக்கை அவவை வெளியில விட்டிடாதை."