நூற்றுக்கு மூன்று

"எங்கே கிளம்பிட்டே?"

கலோலைனி மேடம் கர்ப்பப்பைப் படத்தை இன்னும் சுவரில் மாட்டி முடிக்கவில்லை. அதற்குள் லிசியாதே கதவருகே போய்விட்டான்.

ரக்பி ஆடுகிற ஆறடி உடம்பு. நர்சிங் இரண்டாம் ஆண்டு. ஊசி, கட்டு, காய்ச்சல் என்றால் முதல் பெஞ்சில் இருப்பான். கருத்தரிப்பு, பிரசவம் என்று ஆரம்பித்தால் போதும், கம்பி நீட்டிவிடுவான்.

"வெளியே போறேன் மேடம்."

"எதுக்கு?"

"ஃபூசி இருக்கா மேடம்," என்றான் தலை நிமிராமல்.

மூன்றாவது பெஞ்சில் ஃபூசியும் தலையைக் குனிந்துகொண்டாள். எவ்வளவு தூரத்து உறவானாலும், அண்ணன் தங்கை முறை உள்ளவர்கள் ஒரே அறையில் இருக்கும்போது உடம்பு விஷயம் பேசக்கூடாது. டோங்காத் தீவுகளில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேடமும் டோங்காவில் பிறந்தவர்தான். ஆனால் ஆக்லாந்தில் மேல்படிப்பு படித்துவிட்டு வந்தவர்.

"கூடப் பிறந்தவளா?"

"இல்ல மேடம். அவ பாட்டியும் என் பாட்டியும் அக்கா தங்கச்சி."

"அப்படின்னா உனக்கும் அவளுக்கும் பொதுவான மரபணு எவ்வளவு? போன வாரம் நடத்தினேனே. அன்னிக்கும் ஓடித்தானே போனே?"

"நூத்துக்கு மூணு மேடம்."

பட்டென்று வந்தது பதில். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் மேடம்.

"மூணு! அந்த மூணுக்கா இவ்வளவு மரியாதை? இங்க பாரு, செருப்பைக் கழட்டும்போதே வழக்கத்தையும் சேர்த்து வாசல்ல கழட்டிட்டு வரணும். நாளைக்கு ஒரு பொண்ணு வலியில துடிக்கும்போது, உங்க பாட்டி யாருன்னு விசாரிச்சிட்டா பிரசவம் பாப்பே?"

வகுப்பு சிரித்தது. லிசியாதே சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை பாடத்துக்கு நடுவுல வெளியே போனா, பிரசவ வார்டுப் பயிற்சிக்கு உன்னை அனுப்ப மாட்டேன். வருஷம் போச்சுன்னு வெச்சுக்கோ. உக்காரு."

உட்கார்ந்தான். வீட்டில் அவன் சம்பளத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்தைத் தொலைக்க முடியாது.

அன்றைக்கு ஃபூசி வாயே திறக்கவில்லை. மற்ற நாட்களில் கேள்வி கேட்டே மேடத்தின் உயிரை எடுப்பவள். மேடம் அதைக் கவனிக்கவில்லை. இந்தத் தீவையே ஒரு நூற்றாண்டு முன்னோக்கித் தள்ளிவிட்ட திருப்தியில் இருந்தார்.

மறுநாள் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வகுப்பைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. 'வரட்டும். கூச்சநாச்சமில்லாத வகுப்பு எப்படி இருக்கும்னு பாக்கட்டும்' என்று இருப்பதிலேயே பெரிய படமாக எடுத்து மாட்டினார் மேடம். 

கதவு திறந்தது. முதல்வர் அதிகாரியை அழைத்து வந்து, முன் வரிசையில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.

ஃபொலாவ். மேடத்தின் தாத்தாவும் அவன் தாத்தாவும் அண்ணன் தம்பி.

"அக்கா," என்றான் பணிவாக. பிறகுதான் படத்தைப் பார்த்தான். அதற்கப்புறம் மின்விசிறியை மட்டுமே பார்த்தான்.

மேடம் குச்சியைப் படத்தின் மேல் வைத்தார். நூற்றுக்கு மூன்றுதான். கணக்கு நன்றாகவே தெரியும். வார்த்தைதான் வரவில்லை.

"இன்னிக்கு... இன்னிக்கு நாம பாக்கப்போறது... கை கழுவும் முறை."

முதலாண்டு முதல் வாரத்துப் பாடம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மேடத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று இழுத்துப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் படம் பெரிதாகத் தொங்கியது. அதிகாரிக்கு வேர்த்துக் கொட்டியது. பார்வையிட வந்த மனிதரால் எழுந்து ஓடவும் முடியாது.

லிசியாதே எழுந்தான்.

"சார், பின்னாடி இருக்கிற மழைத்தண்ணித் தொட்டியைப் பாக்கணும்னு சொன்னீங்களே. வாங்க, காட்டறேன்."

அப்படி யாரும் சொல்லவில்லை.

"ஆமாமா! தொட்டி ரொம்ப முக்கியம்!" என்று துள்ளி எழுந்தான் ஃபொலாவ்.

இருவரும் வெளியேறினார்கள். கதவைச் சாத்தும்போது லிசியாதே மேடத்தை ஒரு கணம் பார்த்தான். 'இன்னொரு தடவை' என்று அவர் சொன்னது அவனுக்கு மறந்திருக்காது.

மேடத்துக்கு மூச்சு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. பாடத்தைத் தொடங்கினார். ஃபூசியின் கை உடனே உயர்ந்தது.

"மேடம், அப்பா அம்மா ரெண்டு பேரும் நல்லா இருக்கும்போது பிள்ளைக்கு மட்டும் எப்படிப் பரம்பரை நோய் வருது?"

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. மணி அடித்ததுகூடத் தெரியவில்லை.

வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் ஃபொலாவ் நின்றிருந்தான். மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்தப் பையன் எல்லாத்தையும் சொன்னான். அவனை வார்டுக்கு அனுப்புவீங்க இல்லையா?"

"எப்படிடா அனுப்புவேன்? எனக்கும் அனுப்ப ஆசைதான். என் மானத்தைக் காப்பாத்தினவன். ஆனா பாதிப் பாடத்துக்கு வகுப்பிலயே இல்ல. ஒண்ணும் தெரியாதவன் கையில ஒரு தாயையும் பிள்ளையையும் எப்படிக் கொடுக்கறது?"

ஃபொலாவ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நான் ஒண்ணும் கேக்கலக்கா. சத்தியமா எதுவும் காதுல விழல. ஆனா தொட்டிக்குப் பக்கத்துல, உங்க ஜன்னலுக்கு நேர் கீழ, அவன் ஒரு கல்லு போட்டு வெச்சிருக்கான். வருஷம் பூரா அங்கதான் உக்காந்து பாடம் கேட்டிருக்கான். மழை நாள்ல மட்டும் கொஞ்சம் சத்தமா நடத்துங்க. தகரக் கூரை சத்தத்துல அவனுக்கு ரெண்டு பாடம் விட்டுப்போச்சாம்."