செதில் சீவிய மீன்

"செதில் சீவின மீன் எந்த ஏரியிலடி நீந்துது, பெய்ஜேன்?"

லான்ஃபென் கேட்ட வேகத்தில் தோழியின் கையிலிருந்த நூடுல்ஸ் கிண்ணம் ஆடியது.

"கடையில வாங்கியிருப்பாருக்கா. தூண்டில்ல எதுவும் சிக்கலைன்னா வெட்கமா இருக்காதா?"

"ஒவ்வொரு புதன்கிழமையுமா? மீன் பிடிக்கன்னு போறார், வரும்போது கன்னம் சிவந்து கிடக்கு, கால் தள்ளாடுது, தானாச் சிரிச்சுக்கிறார். தலைக்குச் சாயம் வேற! கிழவனுக்கு எவளோ கிடைச்சுட்டா."

லான்ஃபென் தன் கணவர் கெங்கைவிட மூன்று வயது மூத்தவள். கல்யாணத்தன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. வூஹானில் எந்த மூலையில் ஓர் இளம்பெண் தும்மினாலும் அவளுக்குக் கெங்கின் மேல்தான் சந்தேகம் வரும்.

"இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன். நிஜமா இருந்தா நாளைக்கே விவாகரத்து. நீதான் சாட்சி, கிளம்பு!"

"உங்க முட்டிவலி? செவ்வாய்க்கிழமை டான்ஸுக்குக்கூட வராம வைத்தியர்கிட்ட போறீங்களே?"

"குடும்பமே போகுது, முட்டி என்னடி முட்டி!"

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம். பெற்ற தாயே பார்த்தாலும் போலீசைக் கூப்பிட்டிருப்பாள். அந்தக் கோலத்தில், பெய்ஜேனையும் இழுத்துக்கொண்டு, பஸ் ஏறிக் கெங்கைப் பின்தொடர்ந்தாள் லான்ஃபென்.

கெங் ஏரிக்கரையில் இறங்கவில்லை. பொழுதுபோக்குப் பூங்கா வாசலில் இறங்கினார். தூண்டிலைப் புதருக்குள் செருகினார். தலையைப் படிய வாரிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"பாத்தியா!" லான்ஃபென் பல்லைக் கடித்தாள்.

உள்ளே ரோலர் கோஸ்டரில் போனவர்கள் போட்ட அலறல் யாங்ட்சி ஆற்றைத் தாண்டி அக்கரையில் முட்டித் திரும்பி வந்தது. கூட்டத்தில் கெங்கைக் காணவில்லை. பெய்ஜேன் வழிப்பலகை முன்னால் திருதிருவென்று நின்றாள்.

"அதை ஏன் பாக்கறே? இப்படி வா!"

லான்ஃபென் அவளை ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால் இழுத்து, மோதும் கார்களைச் சுற்றி, ஒரு சந்தில் நுழைந்து, நேரே ரோலர் கோஸ்டர் வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எப்படிக்கா வழி தெரிஞ்சுது?"

"பொண்டாட்டி மனசுக்குத் தெரியாதா? உஷ்!"

அங்கே கெங், சிவப்புத் தொப்பி போட்ட இளம்பெண் ஒருத்தியிடம் காரமான வாத்துக் கழுத்துப் பொட்டலத்தை நீட்டிக் குழைந்துகொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவைம்மா. சரின்னு சொல்லேன்."

"வேணாம் மாமா. வெளியே தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"என் பொண்டாட்டிக்கே தெரியாது, வெளியே எப்படித் தெரியும்? வழக்கமா புதன்கிழமை வர்ற பொண்ணு மறுக்கவே மாட்டாளே!"

"அடப்பாவி, இன்னொருத்தியுமா!" லான்ஃபென் பாய்ந்து அவர் காதைப் பிடித்தாள். பொட்டலம் பறந்தது. சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன.

இளம்பெண் பதறினாள். "இவர் வீட்டம்மாவா? நல்லவேளை! நீங்களே சொல்லுங்கம்மா. எனக்கு இங்கே செவ்வாய்க்கிழமைதான் வேலை, இன்னிக்கு அந்தப் புதன்கிழமைப் பொண்ணுக்குப் பதிலா வந்தேன். அறுபது தாண்டினவங்களை இதுல ஏத்தக்கூடாதுன்னா, ஐம்பத்தொன்பதுன்னு சாதிக்கிறார்!"

லான்ஃபெனின் பிடி தளர்ந்தது. "இதுக்கா? இந்த வண்டிக்கா சாயம்?"

"காத்து மூஞ்சியில அடிக்கும்போது இருபது வயசாயிடுது லான்ஃபென்," என்றார் கெங், காதைத் தடவிக்கொண்டு. "சொன்னா விடுவியா?"

முகத்தை மூடிக்கொண்டு திட்டினால் திட்டு சரியாக விழாது. லான்ஃபென் தொப்பி, கண்ணாடி, கவசம் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தாள்.

"அறுபத்தஞ்சு வயசுல உனக்கு இந்த ஆட்டம் கேக்குதா? நெஞ்சு நின்னுட்டா? வயசை மறைச்சு, பொண்டாட்டியை ஏமாத்தி... உன்னை நம்பி இனி எப்படிக் குடித்தனம் பண்றது?"

இளம்பெண்ணின் முகம் மலர்ந்தது.

"அட, செவ்வாய்க்கிழமை அக்கா! உங்களுக்கென்ன, ஐம்பத்தெட்டுதானே, தாராளமா ஏறுங்க. எப்பவும் போலக் கடைசி வரிசைதானே?"