சிவப்பு சிலிண்டர்

கானாவின் குமாசி நகரில் மர அறுவை மில் வைத்திருந்த ஒபிரிக்கு அன்று காப்பீட்டு ஆய்வு. சுவரில் தீயணைப்பு சிலிண்டர் இல்லையென்றால் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

இருந்தது. செக்கச்செவேலென்று பளபளத்தது.

ஆய்வாளர் டான்சோ அதைத் தடவிப் பார்த்தார். "அடிக்கடி துடைப்பீங்களோ?"

"பெத்த பிள்ளை மாதிரி சார்! வாங்கின நாள்லேர்ந்து இதே ஆணியிலதான்."

பின்வாசலில் நின்று பக்கத்துப் பட்டறை அச்சியா கையை ஆட்டி அவசரப்படுத்தினாள். அடுத்த ஆய்வு அவளுக்கு.

"வாங்க சார், கெங்கே சோளக்களியும் பொரிச்ச மீனும் ஆறுது" என்று ஒபிரி அவரை வெளியே தள்ளப் பார்த்தான்.

டான்சோ அசையவில்லை. "அந்தம்மாவைப் பதறாம நிக்கச் சொல்லுங்க. காலையிலேர்ந்து மூணு பட்டறையில இதே சிலிண்டரைப் பார்த்துட்டேன். என்னோட சேர்ந்து அதுவும் ஊர் சுத்தி அலுத்துப்போச்சு."

ஒபிரி அவர் பக்கம் குனிந்தான். "சார்... என் பாலிசி?"

"கையெழுத்துப் போட்டாச்சு. ஆனா அந்தம்மா வேலை முடிஞ்சதும், நாலு மணிக்குள்ள சிலிண்டர் எங்க ஆபீசுக்கு வந்துடணும்."

"சாட்சிக்கா சார்?"

"எடுத்த இடத்துல திரும்ப மாட்டறதுக்குய்யா! எங்க வாட்ச்மேன் உங்க தெருவுக்கே வாடகைக்கு விட்டிருக்கிறது எங்க ஆபீஸ் சிலிண்டரை. நாளைக்குத் தீயணைப்புத்துறை எங்களைச் சோதிக்க வருது!"