அப்பா வாங்காத வில்லைகள்

மாதேஷ் ஏழாயிரத்து ஐந்நூறு கேட்டு முடிக்கவில்லை, செல்போன் திரையில் யாரோ எட்டாயிரம் என்று ஏறிவிட்டார்கள்.

ஏலத்தில் இருந்தது ஒரு பித்தளை வில்லை. பேரிகை பஞ்சாயத்து, சைக்கிள் வரி, 1973. அந்தக் காலத்தில் வருஷத்துக்கு இரண்டு ரூபாய் வரி கட்டினால் இதைக் கொடுப்பார்கள். சைக்கிளில் மாட்டிக்கொண்டுதான் ரோட்டில் போக வேண்டும்.

ஏலக் கம்பெனி பெங்களூரில். மாதேஷ் பேரிகையில், ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு, தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விரலால் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டிலில் அவன் அப்பா திம்மராயன்.

திம்மராயன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆயுளில் சைக்கிள் வரி கட்டாதவர் என்று ஊரில் பேர். பில் கலெக்டர் கரியப்பன் பாலத்தில் நின்று மறித்தால், இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார்.

"நான் சைக்கிள் மேல போனா வரி கேளு. இப்ப அதுதான என் மேல போவுது?"

கரியப்பனிடம் இதற்குச் சட்டம் இல்லை. இன்றைக்கும் பேரிகை டீக்கடைகளில் இந்தக் கதை ஓடுகிறது.

மகனுக்கு இதில் கர்வம் தலைக்கேறிவிட்டது. அந்தக் காலத்து வில்லைகளை வருஷவாரியாகத் தேடிப்பிடித்து, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிச் சுவரில் மாட்டிவிட்டான். மேலே கொட்டை எழுத்தில், ‘அப்பா வாங்காத வில்லைகள்’.

எழுபத்து மூன்றாம் வருஷத்து இடம் மட்டும் காலி. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குச் சோறு இறங்காது.

"எட்டாயிரத்து ஐந்நூறு போடறேன்" என்றான்.

மனைவி சரிதா கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்பது அவள் போட்ட உத்தரவு.

"அதுக்கு மேல கம்பெனிக்குக் கமிஷன் ஆயிரத்து எழுநூறு. கமிஷனுக்கு ஜிஎஸ்டி. வில்லைக்குத் தனியா ஜிஎஸ்டி. கூரியர், அந்தக் கூரியருக்கும் ஜிஎஸ்டி. பதினோராயிரத்தத் தாண்டுது."

"தாண்டட்டும்" என்றான் மாதேஷ். ஏலம் என்றால் அப்படித்தான், ஒரு கட்டத்துக்கு மேல் மனைவி பேசுவது காதில் விழாது.

திம்மராயன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"வரி மட்டும் எவ்வளவும்மா?"

"எழுநூத்துச் சொச்சம் மாமா."

"ரெண்டு ரூவா வில்லைக்கு எழுநூறு ரூவா வரியா? அத்தன வரியக் கட்டி வாங்கி அந்தப் பெட்டியில வெச்சா, என் மானம் என்னடா ஆவறது?"

மாதேஷின் விரல் நின்றது. பெட்டியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அவர் குரல் நடுங்கியதில் அவனுக்கு மனசு கேட்கவில்லை. வரி கட்டாத மனுஷனுக்கு வரி கட்டி மரியாதை செய்வது எந்த ஊர் நியாயம்?

போனைக் கவிழ்த்து வைத்தான்.

திருப்பிப் பார்த்தபோது வில்லை எட்டாயிரத்துக்குப் போயிருந்தது.

"எந்த இளிச்சவாயனோ" என்றாள் சரிதா. "கமிஷனும் வரியும் கட்டி அழுவட்டும்."

திம்மராயன் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். சட்டைப் பையில் பட்டன் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

பேசியது அனுப்ரியா, பஸ் நிறுத்தத்தில் இ-சேவைக் கடை வைத்திருக்கும் பெண்.

"தாத்தா, உங்களுக்கே விழுந்துடுச்சு. எட்டாயிரம் வரைக்கும் போலாம்னு நீங்க சொன்னத முன்னாடியே கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சிருந்தேன்ல, சரியா அதுலயே முடிஞ்சுது. எதிர்ல கேட்டவங்க இன்னொருக்கா ஏத்தியிருந்தா கைவிட்டுப் போயிருக்கும்."

திம்மராயன் போனைக் காதில் வைத்தபடியே துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

எழுபத்து மூன்று, தை மாதம். கல்யாணமாகி முதல் தடவை மாமியார் வீட்டுக்குப் போகிறார். கேரியரில் பட்டுச்சேலையோடு வெங்கடம்மாள். பாலத்தில் கரியப்பன்.

வழக்கம்போல் இறங்கித் தோளைக் கொடுக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்தார். புதுப்பெண்ணை வெயிலில் நடக்கவிட்டு, பக்கத்தில் சைக்கிளைச் சுமந்துகொண்டு எந்த மாப்பிள்ளை போவான்? இரண்டு ரூபாயை எடுத்து நீட்டினார்.

பிறகு கரியப்பன் ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஒருத்தரும் நம்பவில்லை.

அன்று ராத்திரி வெங்கடம்மாள் வில்லையின் பின்பக்கம் ஊக்கால் இரண்டு பேர் பெயரையும் கீறி வைத்தாள். வருஷம் திரும்பியதும், யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று இவர் அதைப் பேரீச்சம்பழக்காரனிடம் போட்டுவிட்டார். அந்தப் பழத்தை அவள் கையால் தொடவில்லை. அதை இன்றைக்கும் இவரால் தாங்க முடியவில்லை. ஏலப் படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது; பின்னால் பேர் கீறியிருக்கிறதா என்று அனுப்ரியாவை விட்டுக் கம்பெனியில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இவர் ஏலத்தில் இறங்கினார்.

"தாத்தா, இருக்கீங்களா? வரி போட்டு பில்லு அனுப்பணுமாம். யார் பேர்ல போடட்டும்னு கேக்கறாங்க."

சமையலறை ஜன்னலில் வெங்கடம்மாள் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். திம்மராயன் குரலைத் தாழ்த்தினார்.

"வெங்கடம்மாள்னு போடு தாயி. அன்னிக்கும் அவளாலதான் கட்டுனது."