ஐந்தாம் பக்கம்

‘அந்தப் பெண் குற்றவாளி இல்லை.’

தாளின் முதல் கட்டத்தில் ஐனா எழுதிய வேகத்தில் பென்சில் முனை ஒடிந்தது.

வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் குற்றவுணர்ச்சி ஓர் ஆளை எப்படி அரித்துத் தின்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அது சுலபம். கதையே அதைத்தான் சொல்கிறது.

நாலு பக்கக் கதை. எங்கோ ஒரு வெயில் ஊர், ஓர் ஆறு. முழங்கால் அளவுத் தண்ணீர்தான், பயப்படாமல் போ என்று தம்பியை அனுப்புகிறாள் அக்கா. தம்பி திரும்பவில்லை. அக்கா சாகும்வரை தன்னையே சபித்துக்கொள்கிறாள்.

ஐனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்காகப் பேச அந்த நாலு பக்கத்தில் ஒருத்தர்கூடவா கிடைக்கவில்லை?

கட்டுரைக்கு முன்னால் இந்தத் திட்டத் தாளை நிரப்ப வேண்டும். வாதம், மூன்று சான்று, எதிர்த்தரப்பு. சான்றுக்கு நேரே கதையின் பக்க எண் இல்லையென்றால் மதிப்பெண் கிடையாது. டெக்சாஸிலிருந்து இந்த வருஷம்தான் மினசோட்டாவுக்கு வந்த மெண்டோசா சார் அதில் மட்டும் கறார்.

எல்லோரையும் வம்புக்கு இழுக்கும் பக்கத்து மேஜை ட்ரெவர் அவள் தாளை எட்டிப் பார்த்தான். உடனே தன் தாளுக்குத் திரும்பிக்கொண்டான்.

சார் வந்து தாளை எடுத்தார்.

ஒன்று: அவள் சும்மா அனுப்பவில்லை. கரையோரம் ஐஸில் துளை போட்டுக் கனத்தை அளந்தாள். ஐந்து அங்குலம் இருந்தது. நடக்க நாலு போதும்.

இரண்டு: நடுவில் ஊற்று இருக்கிறது, அங்கே மட்டும் மெலிதாக இருக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். அவளிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்று: உடைந்ததும் அவள் ஓடிப்போகவில்லை. குப்புறப் படுத்து ஊர்ந்துபோய்க் கையை நீட்டினாள்.

மூன்றுக்கும் நேரே ஒரே எண். பக்கம் 5.

“கதை நாலு பக்கம்தானேம்மா? அதுவும் அந்த ஊர்ல ஐஸைக் கடையிலதான் பாக்க முடியும்!”

சார் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ட்ரெவர் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டினான்.

சாரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே உறைந்து வெள்ளையாகக் கிடந்த ஏரியைப் பார்த்தார். பிறகு ஐனாவைப் பார்த்தார். தாளை மெல்ல மேஜையில் வைத்தார்.

“வேணும்னா நீ வேற கதை எடுத்துக்கம்மா.”

“மாட்டேன் சார். மார்க் போடாட்டியும் சரி, இதைத்தான் எழுதுவேன். எழுதி முடிச்சதும் ரெண்டு காப்பி வேணும். ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணு எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்ட. நான் பேசினாத்தான் எழுந்து போயிடறாங்க. ஃப்ரிட்ஜைத் திறந்துதானே ஆகணும்.”

பென்சிலை மறுபடியும் சீவினாள். காலியாக இருந்த எதிர்த்தரப்புக் கட்டத்தில் ‘அம்மா’ என்று எழுதினாள்.