கோபுரம் இருந்த பக்கம்

"தோர்கில், கத்தியைக் கீழ வைங்க! உங்களுக்கென்ன புத்தி பிசகிடுச்சா?"

பெந்தே கிட்டத்தட்ட அலறிவிட்டாள். கோபன்ஹேகனில் அந்தப் பழைய புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருஷம். முதலாளியிடம் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

தோர்கில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பரோக் பாணியில் டென்மார்க்கில் எழுந்த கட்டடங்களைப் பற்றிய பெரிய படப் புத்தகம் மேஜைமேல் விரிந்து கிடந்தது. எழுபத்திரண்டு படங்கள், ஒன்றுகூடக் குறையாத பிரதி. நாளைக் காலை அருங்காட்சியகத்திலிருந்து வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு.

எதிரே நின்ற பெண் பாதிரியார் குன்ஹில்டும் பதறிப்போனார். "ஐயோ, நான் போட்டோ எடுத்துக்கறேன்னுதானே கேட்டேன்!"

அவ்வளவுதான் அவர் கேட்டது. வெஸ்த்ரூப் கிராமத்துத் தேவாலயத்தின் மரக் கோபுரம் போன குளிர்காலப் புயலில் சரிந்துவிட்டது. அதே மாதிரி கட்டித்தரத் தச்சர்கள் தயார். அளவுதான் தெரியவில்லை; அது இந்தப் புத்தகத்துப் படத்தில்தான் இருக்கிறது.

"எங்ககிட்டயும் இதே புஸ்தகம் இருக்கு. எந்தப் பாவியோ எங்க கோபுரம் இருக்கற பக்கத்தை மட்டும் வெட்டிட்டுப் போயிட்டான்" என்று வந்ததுமே சொன்னார்.

அதைக் கேட்டதும் தோர்கில் உள்ளே போய்க் கத்தியோடு வந்தார்.

"சட்டம் போட்டு மாட்டணும், ஒரே ஒரு படம் வெட்டித் தாங்கன்னு கேட்டவனைப் போன மாசம் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறையா விரட்டினீங்களே! புஸ்தகத்தை வெட்டறவன் கசாப்புக்காரன்னு கத்தினது யாரு?" பெந்தேவுக்கு ஆறவே இல்லை. "நாளைக்கு வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

"ஒரு படம் குறையுதுன்னு சொல்வேன்."

"அப்போ நாளையிலேர்ந்து நான் வரல."

நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் வாங்க வருகிறவரிடம் அதைத்தான் முதலில் காட்டுவார் தோர்கில். அந்த மனுஷரா இப்படி?

கத்தி பக்கத்தின் ஓரமாக இறங்கியது. வெட்டுகிற சத்தமே இல்லை. காய்ந்த பசை பொடிப்பொடியாக உதிர, படம் தானாகக் கழன்று வந்தது. புத்தகத்தோடு சேர்த்துத் தைத்த பக்கம் இப்படி வராதே என்று பெந்தே திகைத்தாள்.

படத்தின் முதுகில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஏதோ பழைய கிழிசலுக்குப் போட்ட ஒட்டு என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். தோர்கில் அதையும் மெல்ல உரித்தார்.

அடியில் மங்கிய நீல முத்திரை: வெஸ்த்ரூப் தேவாலய நூலகம்.

குன்ஹில்ட் முத்திரையையும் தோர்கிலின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாப்பது வருஷமாச்சு, பாதிரியாரம்மா." தோர்கில் தலை நிமிரவில்லை. "என் புஸ்தகத்துல இந்த ஒரு படம்தான் இல்லாம இருந்துச்சு. உங்க ஊர்ல இருக்குன்னு தேடி வந்தேன். அப்போ இருந்த பாதிரியார் என்னை நம்பி, புஸ்தகத்தோட தனியா உக்கார வெச்சிட்டு, எனக்குக் காபி போட உள்ள போனார்."